குறடு டாக்டரும் ஒண்ணாம் நம்பர் கோல்கீப்பரும்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆறேழு வருடங்களில் தாம்பரத்துக்கும் சேலையூருக்கும் இடையே பல்வலி வந்த அத்தனை பேருக்கும் ஹாக்கி தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மாமி, பக்கத்து மாமியிடம், “கோல்கீப்பருக்குக் கை முக்கியமில்லே, கால்தான் முக்கியம்” என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். அந்த மாமி அதற்கு முந்தின நாள்தான் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே மனிதர். கேம்ப் ரோடில் மருந்துக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர். போர்டில் அவருடைய பெயர் வெயிலில் வெளுத்து என்றைக்கோ காணாமல் போய்விட்டது. பேசும்போது கையில் குறடு இருக்கும், அதை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார் என்பதால் ஊருக்கே அவர் குறடு டாக்டர்.

நான் அப்போது சேலையூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். தினமும் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போய் வருகிற சாதாரண குமாஸ்தா. ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஒரு சனிக்கிழமை கன்னம் பூரி மாதிரி வீங்கி அவரிடம் போனேன். நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இந்த மெட்ராஸ் பக்கத்துல நீங்க பார்த்த பெஸ்ட் கோல்கீப்பர் யாரு சார்?”

“ஆ... ஆ...” என்றேன்.

“அவனா? அவன் ஆறாவது இடம் சார். மேல பாருங்க.”

மேலே பார்த்தேன். தாழ்வான கூரை. அதில், படுத்திருப்பவரின் மூக்குக்கு நேராக, ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. தென் சென்னையின் கோல்கீப்பர்கள், ஒன்று முதல் பத்து வரை, ஸ்கெட்ச் பேனாவில். ‘மூங்கில்’, ‘சாக்கு மூட்டை’, ‘கண்ணாடி’ என்று எல்லாமே மைதானத்துப் பட்டப்பெயர்கள். பாதிப் பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

எனக்கு ரூட் கெனால், நான்கு சிட்டிங். நான்காவது முடியும்போது மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தோம். ஒண்ணாம் இடம் யார், ஏன் என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒன்றுமில்லாத இன்னொரு பல்லைக் காட்டப் போனேன். வெட்கக்கேடுதான். ஆனால் போனேன்.

டாக்டரின் தரவரிசையில் பந்தைத் தடுப்பதற்குப் பாதி மார்க்குதான். மீதிப் பாதி விசுவாசத்துக்கு. “முன்னாடி ஆடறவன் டீம் மாறட்டும் சார், எவன் கேட்டான்? சிரிச்சா தெரியற பல்லு அவன். கோல்கீப்பர் கடவாப்பல்லு. யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா கடைசி வரைக்கும் அதே இடத்துல நின்னு அரைக்கணும். கடவாப்பல்லு இன்னொருத்தன் வாய்க்குப் போகுமா?” டீம் மாறிய அன்றைக்கே சிவப்பு மை. மேல்முறையீடு கிடையாது. ‘மூங்கில்’ போலீஸ் வேலை கிடைத்து அவர்கள் டீமுக்குப் போனவன். போனதில் தப்பே இல்லை என்று நான் வாதாடப் பார்த்தேன். வாய்க்குள் பஞ்சு இருந்தது.

கோல்கீப்பர்களுக்கு அந்தக் கிளினிக்கில் வரிசை கிடையாது. எத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாலும் நேராக உள்ளே போகலாம். இதைத் தெரிந்துகொண்ட பழக்கடைக்காரர் ஒருவர், “காலேஜ்ல நான் கோல்கீப்பர் டாக்டர்” என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார். டாக்டர் மேஜையில் இருந்த, பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் உருண்டையை எடுத்து அவர் முகத்தைப் பார்த்து வீசினார். பழக்கடைக்காரர் படக்கென்று குனிந்தார். உருண்டை காலண்டரில் போய் விழுந்தது.

“கீப்பர் குனிய மாட்டான்,” என்றார் டாக்டர். “போய் வெளியில உக்காருங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த செம்மண் மைதானத்தில் பார்க்கலாம். எங்கள் ஊர் கிளப் ஆடும் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை சகிதம் வருவார். எல்லோரும் வேப்ப மர நிழலில் உட்கார்ந்தால் அவர் எங்கள் கோல் வலைக்குப் பின்னால் வெயிலில் உட்காருவார். இடைவேளையில் டீம்கள் பக்கம் மாறுமே, உடனே நாற்காலியை மடக்கி, அத்தனை பெரிய மைதானத்தைச் சுற்றி நடந்து, எங்கள் கீப்பர் நிற்கும் அடுத்த வலைக்குப் பின்னால் போய் உட்காருவார். எதிர்ப் பக்கம் எங்கள் ஆட்கள் கோல் போட்டால் அவருக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. எல்லோரும் கத்தி முடித்த பிறகு, “யாரு அடிச்சது?” என்று விசாரித்துவிட்டு நிதானமாகக் கை தட்டுவார். ஒருமுறை மூன்று பூஜ்யம் என்று ஜெயித்தோம். மனிதர் உர்ரென்று இருந்தார். “நம்ம பக்கம் பந்தே வரல சார். தண்ட மேட்ச்,” என்றார்.

வலைக்குப் பின்னாலிருந்து கீப்பரைத் திட்டிக்கொண்டே இருப்பார். திட்டு வாங்கியவன் பெயர் தேவராஜ். பந்து வந்தால் கடை ஷட்டர் இறங்குவது மாதிரி இறங்குவான், அதனால் ‘ஷட்டர்’. பல்லாவரத்துப் பையன், அங்கே தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வேலை, ஏழு வருடமாக எங்கள் கிளப்புக்கு ஆடினான். கூரையில் ஒண்ணாம் நம்பர் அவன்தான். அவனிடம் ஒரே குறை, கீப்பரும் அடிப்பவனும் மட்டும் நேருக்கு நேர் நிற்கிற பெனால்டி ஸ்ட்ரோக் வந்தால் பந்தை அடிப்பதற்கு முன்பே இடது பக்கம் சாய்ந்துவிடுவான். அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் முன்னால் அவன் திரும்பி டாக்டரைப் பார்ப்பான். டாக்டர், “அசையாம நில்லுடா தடியா,” என்பார். அவனும் நிற்பான். ஊரே பார்த்திருக்கிறது.

அந்த ஷட்டர் ஒருநாள் கிளினிக்குக்கு வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“டாக்டர், மறைமலை நகர்ல வேலை கெட்ச்சிகீது. ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி. பர்மனென்ட்டு.”

“நல்ல விஷயம். ஏன் இப்படி மூஞ்சியை வச்சிருக்கே?”

“அவுங்க டீம்லதான் ஆடணும். அதுக்குத்தான் வேலையே குடுக்குறாங்கோ.”

டாக்டர் கையில் இருந்த குறடு நின்றது. ஷட்டர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. “தோல் ஷெட்டுல சுண்ணாம்புத் தொட்டில நின்னு நின்னு கை வெந்துபூட்ச்சு டாக்டர். க்ளவுஸ் போட்டா உள்ள எரியுது. இன்னும் எத்தினி வருசம் நான் இப்டியே இருக்குறது?”

டாக்டர் அவனை நாற்காலியில் உட்காரச் சொன்னார். “வாயைத் தெற,” என்றார். அவனுக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அரை மணி நேரம், முப்பத்திரண்டு பல்லையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். கையில் தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். “போய் வேலைல சேரு. கம்பெனி பஸ்ஸை விட்டுடாதே,” என்று அனுப்பி வைத்தார்.

அவன் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஒண்ணாம் நம்பர் மீது சிவப்புக் கோடு. அந்த இடத்துக்கு வேறு யாரையும் எழுதவில்லை. “சட்டம்னா சட்டம் சார்,” என்று என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

விதியைப் பாருங்கள், அந்த வருடக் கோப்பைக்கு ஃபைனலில் எங்கள் கிளப்பும் அந்தக் கம்பெனி டீமும் மோதின. எங்கள் கேப்டன் மணி. தண்ணீர் கேன் போடுகிறவன், சைக்கிளில் நான்கு கேனோடு பாலம் ஏறி ஏறித் தொடை இரண்டும் தேக்குக் கட்டையாக இருக்கும். கிளப் அந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அந்தத் தடவை தொட்டே தீருவது என்று மணி கடை கடையாகச் சொல்லி வைத்திருந்தான்.

முதல் பாதியில் டாக்டர் வழக்கம்போல எங்கள் வலைக்குப் பின்னால். புதுக் கீப்பரைத் திட்டினார், ஆனால் சுரத்தில்லை. கம்பெனி ஒரு கோல் போட்டது. இடைவேளை விசில் ஊதியது. டாக்டர் எழுந்தார், நாற்காலியை மடக்கினார், குடையைக் கக்கத்தில் இடுக்கினார், இரண்டு அடி வைத்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஷட்டர் இந்த வலையை நோக்கி வந்துகொண்டிருந்தான். டாக்டர் நின்றார். நாற்காலியை மறுபடி விரித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வேப்ப மரத்தடியில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் ஓடிப் போய், “டாக்டர், நம்ம கோல் அந்தப் பக்கம்,” என்றேன்.

“தெரியும் சார். முட்டி வலி.”

“எல்லாரும் தப்பா நினைக்கப் போறாங்க.”

“நான் எங்கே சார் போனேன்? நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். அவன்தானே வந்தான்.”

சரி, வாயையாவது மூடிக்கொண்டு இருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, குடைக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. போட்டால் சமம், எக்ஸ்ட்ரா டைம். மணி பந்தை வைத்தான்.

ஷட்டர் திரும்பி டாக்டரைப் பார்த்தான்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் பார்வையை எடுக்கவில்லை. அம்பயர், “ரெடியா?” என்று கேட்டார். அப்போதும் அவன் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரார் வாயை எல்லாம் திறக்கச் சொன்ன மனிதரால் தன் ஒரு வாயை மூடி வைத்திருக்க முடியவில்லை.

“அசையாம நில்லுடா தடியா,” என்றார்.

நின்றான். மணி அடித்த பந்து அவன் வலது காலில் மோதிச் செத்து விழுந்தது. தோற்றோம்.

மணி மட்டையைத் தரையில் போட்டுவிட்டு வலைப் பக்கம் வந்தான். கத்தவில்லை. “டாக்டர், நீங்க இன்னா டீமு?” என்று மட்டும் கேட்டான். டாக்டர் நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தார். யாரும் அவரோடு நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை, அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் கிளினிக்குக்குப் போனேன். காத்திருப்போர் பெஞ்சு காலி. அவரிடம் யாரும் போகக் கூடாது என்று கிளப் பையன்கள் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. டாக்டர் பேஷன்ட் நாற்காலியில் தானே மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானே டீம் மாறிட்டேன் சார்,” என்றார். “அத்தனை பேருக்கும் கோடு போட்டவன் நான். எனக்கு யாரு போடறது?”

“ஏன் டாக்டர் சொன்னீங்க?”

“ஏழு வருஷமா அவன் திரும்பிப் பார்ப்பான், நான் சொல்லுவேன். நேத்தும் திரும்பிப் பார்த்தான். யாருமில்லாத மாதிரி விட்டுட முடியுமா?”

அப்போது படியில் திம் திம்மென்று சத்தம். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். மணி வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. முந்தின நாள் முதல் பாதியில் மட்டை பட்டுப் பல் ஆடிக்கொண்டிருந்ததாம், கோபத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் இருவரையும் பார்க்காமல் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். டாக்டர் விளக்கைப் போட்டார். பஞ்சை வைத்தார். வேலையை ஆரம்பித்தார். அந்தக் கிளினிக்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

மணி பஞ்சைத் துப்பினான். “இன்னா டாக்டர், பேசவே மாட்டேன்றீங்க? பயமா கீது.”

“என்னத்தைப் பேசறது மணி?”

மணி கூரையைக் காட்டினான். “ஒண்ணாம் நம்பர் யாரு?”

“காலி.”

“அவன் பேரையே எழுதுங்க.”

“டீம் மாறினவன்ப்பா. சட்டம்...”

“சட்டம் கெடக்கு டாக்டர். நான் அட்ச்ச பாலு. என் வாழ்க்கைல அப்டி ஒரு அடி அட்ச்சதில்ல. அத்த நிறுத்துனவன் லிஸ்ட்லயே இல்லன்னா அசிங்கம் எனக்குத்தான். எழுதுங்க.”

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஸ்டூல் ஆடியது. மணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டோம். அவர் ‘ஷட்டர்’ என்ற நான்கு எழுத்தை எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பல் பிடுங்கியிருக்கலாம். எழுதி முடித்த பிறகும் இறங்காமல், முகத்தை எங்களுக்குக் காட்டாமல், கூரையைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார். இறங்கச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. கை கடுக்கக் கடுக்க நாங்களும் பிடித்துக்கொண்டே நின்றோம்.