காசு கேட்காத மகான்

காசு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற பெரிய மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். இவர்களுக்குக் காசு வேண்டாம் என்றில்லை. கேட்கிற வேலைதான் வேண்டாம். அதற்கு வேறு ஆள் வைத்திருப்பார்கள்.

அந்தத் தெருமுனை டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் தோளில் கை போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை எல்லாம் விசாரித்து, மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அவர் சட்டைப்பைக்குள் கை விட்டதும் பதறிப்போய், "அட, காசு எங்கயாவது ஓடியா போகுது? முதல்ல உடம்பப் பாருங்க" என்று கதவுவரை வந்து வழியனுப்புவார். நோயாளிக்குக் கண் கலங்கிவிடும். கலங்காதா பின்னே?

வெளியே பணம் வாங்குகிற மேசையில் கணக்குக்காரப் பெண் உட்கார்ந்திருப்பாள். கண் கலங்கியவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். கடைசி ஆளும் போனதும் டாக்டர் வெளியே வருவார்.

"அந்த டெய்லர் பணம் கட்டினாரா?"

"நீங்கதானே சார் அப்புறம் பாத்துக்கலாம்னு..."

"நான் அப்படித்தான் சொல்லுவேன். நீ எதுக்கு இருக்க? வராத பாக்கிய உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்."

பிடிக்கவும் செய்வார். ஆகவே அவள் போன் செய்வாள், நயமாகக் கேட்பாள், கெஞ்சுவாள், நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வாள். டெய்லர் நேராக டாக்டரிடமே வந்து முறையிட்டார். "போன் பண்ணிட்டாளா? சேச்சே, நான் சொல்லவே இல்லையே. அவ கொஞ்சம் காசுப் பேய், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மகான், அவள் காதில் விழும்படியாகவே. டெய்லர் நீட்டிய பணத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல், மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் அவள் பெயரே காசுப் பேய். பெற்ற மகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து, "ஏம்மா, நீ அப்படியா?" என்றாள். வயிறு எரியுமா எரியாதா?

அந்த மகளுக்கே ஒருநாள் காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டார், கன்னத்தைத் தட்டினார், கதவுவரை வந்தார். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்க, கணக்குக்காரப் பெண்ணைப் பார்த்து, "உங்கிட்டப் போய் காசு வாங்குவேனா? நீ நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் நேராகத் தன் மேசைக்கு வந்து, தன் பெயருக்கே ரசீது எழுதி, கைப்பையைத் திறந்தாள்.

"டாக்டர்தான் வேண்டாம்னாரேம்மா?" என்றாள் மகள்.

"சாயந்தரம் என்னைக் கூப்பிட்டு, என்கிட்டயே கேட்டு வாங்கச் சொல்லுவாருடி. எனக்கு நானே எப்படிப் போன் பண்றது?"

உட்கார்ந்திருந்தவர்களில் டெய்லரும் இருந்தார். தன் முறை முடிந்து வெளியே வந்தவர், அவளிடம் பணத்தைக் கட்டி, "தப்பா நினைச்சுட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

சாயந்தரம் டாக்டர் அவள் எழுதிய ரசீதைப் பார்த்தார். "அட, இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். சொல்லிக்கொண்டே அந்தப் பணத்தையும் சேர்த்து எண்ணிப் பைக்குள் வைத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மாடியில் குடியிருப்பவரிடம் "வாடகைக்கு என்ன சார் அவசரம்" என்று பல்லைக் காட்டிவிட்டு, உள்ளே வந்து, "நீ போய்க் கேளு" என்று பெண்டாட்டியை அனுப்புகிறீர்களே, மாடியில் அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள்.