ஒற்றை விசில்

மதிப்புக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க நினைத்தேன். பொய்யில் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பிடித்துவிடுவாய் என்பதால் விட்டுவிட்டேன். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தானுக்கு உன் குரல் மட்டும் காதில் விழாத அந்த வியாதி அப்படியேதான் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலைப் பேருந்தில் உன் வீட்டுக்கு வருகிறேன். ஒரேயடியாக வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ "வேணாம்டா" என்று வைத்துவிடுவாய், கடிதத்தைப் பார்த்து அப்படி வைக்க முடியாது. தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும் என்பதால் இதை நானே கையோடு கொண்டுவருகிறேன். வாசலில் நிற்க வைத்துப் படித்துவிட்டு அப்புறம் உள்ளே விடு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான் என்று நீ நாளைக்குச் சொல்லக் கூடாது பார்.

நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். என் வீட்டுக்காரி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மகன் நல்லவன், வாயே திறக்க மாட்டான். மருமகளும் நல்ல பெண்தான், நான்தான் இன்னும் பேருந்தை விட்டு இறங்கவில்லை என்கிறாள். வாழ்நாள் முழுக்கக் கண்டக்டராக இருந்தவன் வேறு எப்படி இருப்பான்? அவளுடைய ஆபீஸ் சிநேகிதிகள் வந்தபோது "வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று பழக்க தோஷத்தில் ஒரு அதட்டல் போட்டேன், பாவம், அந்தப் பெண்கள் பயந்துபோய் நேராகச் சமையலறைவரை போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். லிஃப்டில் ஏறினால் நான்தான் ஆட்களை முன்னே பின்னே நகர்த்தி நிறுத்துவேன், கதவு மூடியதும் "போலாம் ரைட்" என்பேன். இரண்டாவது மாடி டாக்டர் அதற்குப் பிறகு படியில்தான் ஏறுகிறார். இதையெல்லாம் மருமகள் சிரித்தபடி பொறுத்துக்கொண்டாள், அதை மறைக்க மாட்டேன்.

பிறகு அவள் கார் வாங்கினாள் அக்கா. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் வண்டி. தினமும் துடைப்பாள், அதோடு பேசுவாள். அன்று காலை பின்னால் எடுக்கத் தெரியாமல் தடுமாறினாள், நான் சும்மா இருக்கக் கூடாதா? வாசல் கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த என் பழைய விசிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பின்னால் நின்றேன். உனக்கே தெரியும், ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. தண்ணீர்க் குழாய் கிட்டே வந்ததும் ஒன்று ஊதினேன், நீளமாக, தெளிவாக. அவளுக்கு அந்தக் கணக்கு எங்கே தெரியும்? விசில் சத்தம் வந்தால் வரலாம் வரலாம் என்று அர்த்தம் என நினைத்து ஒரே மிதி. பின் விளக்கு தூள், குழாய் இரண்டு துண்டு, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, கட்டடம் முழுக்க ஜன்னலில் தலைகள், சோப்பு நுரையோடு ஒருத்தர் துண்டைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கே வந்துவிட்டார்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "விசில் ஊதினீங்களே மாமா" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடி பட்டதாம்மா என்று கேட்டிருக்க வேண்டும். நானோ அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "ஒண்ணுதானே ஊதினேன்! ஒண்ணுன்னா நிறுத்துன்னுதானே அர்த்தம்? இது கூடவா தெரியாது?" டாக்டர் சிரித்தார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, யாரையும் பார்க்காமல் மாடி ஏறிவிட்டாள்.

அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. "சாப்பாடு மேசையில இருக்கு", "மாத்திரை போட்டீங்களா", இவ்வளவுதான். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறாள், ஓங்கிச் சாத்தினாலாவது சண்டை என்று ஒன்று நடக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும். ஆணியில் விசிலைக் காணோம். குப்பையில் போட்டிருப்பாள். போடட்டும், கேட்க மாட்டேன். நான் இருமினால் பக்கத்து அறையில் அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறது. எழுந்து போய் மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடும் என்று உனக்குத் தோன்றும். அவள் அறை வாசல்வரை போனேன் அக்கா, எத்தனையோ தடவை போனேன், வாய் வரவில்லை. இத்தனை காலம் அதட்டி மட்டுமே பழகிய வாய்.

நேற்று மகனிடம், "நான் உங்க அத்தை வீட்டுக்கே போயிடறேன்" என்றேன். ஒரு பேச்சுக்காவது "எதுக்குப்பா, இருங்க" என்பான் என்று பார்த்தேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "உங்க இஷ்டம்ப்பா" என்கிறான். உள்ளே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவுகிற சத்தம் நின்றது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வீட்டை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை. ஆனால் இருங்க என்று ஒருத்தரும் சொல்லாத வீட்டில் எப்படி இருப்பது? இப்போது வந்து சொன்னாலும் இருக்க மாட்டேன். சொல்லவும் மாட்டார்கள்.

நீ போடப்போகிற நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் இப்போதே சம்மதம். டிவி ரிமோட்டைத் தொட மாட்டேன். உன் வீட்டு விருந்தாளிகளை நகர்ந்து உட்காரச் சொல்ல மாட்டேன். மாடி அறையை மட்டும் ஒழித்துக் கொடு.

அத்தானுக்கு என் வணக்கம், உரக்கச் சொல். மற்றவை நேரில் என்று சொல்லக்கூட வழியில்லை, இதைப் படிக்கும்போது நான் நேரில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி.

பி.கு.: இந்தக் கடிதம் தபாலில் வந்திருப்பதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். காலையில் பெட்டியோடு இறங்கினேன். மகன் குளியலறையில் இருந்தான், அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டைத் தாண்ட ஓரடிதான் பாக்கி, பின்னாலிருந்து ஒரு விசில். நீளமாக, தெளிவாக, ஒன்றே ஒன்று. என் காலைச் சத்தியமாக நான் நிறுத்தவில்லை அக்கா, அதுவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் ஊதி வண்டி நின்றிருக்கிறது, எனக்கென்று யாரும் ஊதியதில்லை. திரும்பிப் பார்த்தால் ஆபீஸ் பையும் கையுமாக அவள், ஊதிய வேகத்தில் முகமெல்லாம் சிவந்து, வாயில் என் விசில். மறுபடி எல்லா ஜன்னலிலும் தலைகள்.

"ஒண்ணுன்னா நிறுத்துன்னுதானே மாமா அர்த்தம்?" என்றாள், அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி. "இது கூடவா தெரியாது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த டாக்டர் பார்க்க நின்று அழுதேன். "தப்பு என்மேலதான்மா" என்றேன், வாய் எப்படியோ வந்துவிட்டது. அவள் வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சும்மா இருக்கலாம் நான். "ரெண்டு ஊதினா போகலாம்ல?" என்று கேட்டேன். விசிலைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.