தரம் குறையாத நான்கு புள்ளிகள்

ஒரு காட்டில் மழை பொய்த்த வருடம் அது. ஏரிக்கரையில் மட்டும் புல் மிச்சமிருந்தது. அங்கே மேய மான்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் மான் என்பதை முதலில் காட்டு நிர்வாகத்தின் இணையப் போர்ட்டலில் வீடியோ போட்டு நிரூபிக்க வேண்டும். மந்தையில் ஒரு மான் நிரூபித்தால் மொத்த மந்தையும் மேயலாம்.

அங்கிருந்த ஒரு மந்தையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் மான் செண்பகவல்லி. அதனால் இருபத்தேழு வயிறுகளின் பசியும் அதன் தலையில் வந்து விழுந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை அது விதிமுறையை நான்கு முறை படித்தது.

'வீடியோ ஹெச்.டி.யில் எடுக்கப்பட வேண்டும். சாதாரணத் தெளிவுக்குக் குறைத்த பிறகே பதிவேற்ற வேண்டும். தரம் குறையக் கூடாது.'

ஆலமரத்தடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த குரங்கு காசிலிங்கத்திடம் செண்பகவல்லி ஓடியது.

"அண்ணே, குறைக்கணும்னும் சொல்றாங்க, குறையக் கூடாதுன்னும் சொல்றாங்களே?"

"படிச்ச புள்ளைங்கதான் இதையெல்லாம் கேக்குது. மத்தவங்க பேசாம கியூல நிக்கிறாங்க பாரு. அசையாம நில்லு."

குரங்கு வீடியோ எடுத்தது. ஹெச்.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. காதோரம் ஒட்டியிருந்த உண்ணிகூடத் தெரிந்தது. தெளிவைக் குறைத்ததும் புள்ளிகளெல்லாம் கரைந்துபோய், திரையில் பழுப்பாக ஒரு மூட்டை நின்றது.

போர்ட்டல் உடனே பதில் சொன்னது: 'விண்ணப்பதாரர் மான் அல்ல. உருளைக்கிழங்காக இருக்கலாம். இன்னும் ஒரு வாய்ப்பு மட்டுமே உள்ளது.'

செண்பகவல்லி அதை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தது. குரங்கோ அலட்டிக்கொள்ளாமல் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தது.

"வீடியோவைக் குறைச்சா புள்ளி போகுது. அப்ப புள்ளியைப் பெரிசாக்கிடுவோம்."

"பொய்யாகாதா அண்ணே?"

"உனக்குப் புள்ளி இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? முந்நூறு புள்ளியை நாலாத் தொகுத்துத் தர்றேன்."

தட்டு அளவில் நான்கு வெள்ளைப் புள்ளிகள். மாலை நாலே முக்காலுக்குப் போர்ட்டல் பச்சையாக மின்னியது: 'மான்தான். தரம் குறையவில்லை.'

மறுநாள் மந்தையை அழைத்துக்கொண்டு செண்பகவல்லி ஏரிக்குப் போனது. வாசலில் காவலுக்கு நின்றது காட்டெருமை வீரணன். வரிசையில் முன்னால் நின்ற உருவத்தின் முதுகிலும் நான்கு சுண்ணாம்புப் புள்ளிகள். அது திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வாய் நிறையக் கோரைப் பற்கள்.

"நீயும் காசிலிங்கம் கடைதானா தங்கச்சி?"

"ஐயா, இது சிறுத்தை!" என்று செண்பகவல்லி கத்தியது.

வீரணன் இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

"அதுவும் ஒரு மூட்டை, நாலு புள்ளி. உன்னுதும் ஒரு மூட்டை, நாலு புள்ளி. அதை வெளியே அனுப்பினா உன்னையும் அனுப்பணும். சம்மதமாம்மா?"

செண்பகவல்லி திரும்பி மந்தையைப் பார்த்தது. குட்டிகளின் விலா எலும்புகள் ஹெச்.டி.யில் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டு உள்ளே போனது.

பத்து எட்டு வைப்பதற்குள் சிறுத்தை ஒரு குட்டியின் மேல் பாய்ந்தது. உடனே வீரணனின் விசில் சத்தம் கேட்டது; குட்டி நழுவி ஓடியது.

"ஏய், என்ன பண்றே? மான் மானைத் தின்னுமா?"

"நான் சிறுத்தைங்க!"

"சான்றிதழ்ல அப்படி இல்லையே. புல்லைத் தின்னு."

"சத்தியமா சிறுத்தைங்க!"

"அப்ப வீடியோ போடு."

சிறுத்தை பாறைமேல் ஏறி, மலை அதிர உறுமி வீடியோ எடுத்தது. தெளிவைக் குறைத்துப் பதிவேற்றியது. போர்ட்டல் பதில் சொன்னது: 'மான் கொட்டாவி விடுகிறது. தரம் குறையவில்லை.'

வீரணன் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. சிறுத்தை கண்ணில் நீர் முட்ட, முதல் வாய்ப் புல்லை மென்றது.

இப்போது தினமும் காலையில் செண்பகவல்லி தன் நான்கு புள்ளிகளுக்கும் புதிதாகச் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறது. பிறகு சிறுத்தையிடம் போய், ஓரம்கூட விடாமல் அதன் புள்ளிகளுக்கும் தானே பூசிவிடுகிறது.

நீதி: சிறுத்தையைத் திருத்த முயலாதே; வீடியோவின் தெளிவைக் குறை. தரம் தானாக உயரும்.