சாரைப் பாம்பும் சரிகை அங்கவஸ்திரமும்

சித்திரை மாதப் பிறப்பன்று, பச்சடியில் மிதந்த வேப்பம்பூவை ஓரங்கட்டிக்கொண்டே கோதண்டபாணி ஒரு மகா பிரதிக்ஞை செய்தார்.

"விசாலம்! இன்னி முதல் நம்மாத்துல பட்டுங்கிற பேச்சே கிடையாது. கட்டினா கதர். இல்லேன்னா..."

"இல்லேன்னா?" என்றாள் விசாலாக்ஷி.

அவ்வளவு தூரம் அவர் யோசித்திருக்கவில்லை. "கதர்தான்" என்று முடித்துவிட்டார்.

மயிலாப்பூரில் ஒரு ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார் அவர். இந்தப் பிரதிக்ஞையில் பாதி தேசபக்தி. மீதிப் பாதி, லஸ்ஸில் இருக்கும் வக்கீல் பத்ரிநாராயணனின் பெண் கல்யாணம். வைகாசியில் கல்யாணம் என்று தெரிந்த நாள் முதல் விசாலாக்ஷி புதுப் புடவை, புதுப் புடவை என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. தன் அரக்குப் பட்டைக்கூட டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கதர் கட்டிக்கொண்டாள். அந்தப் புடவை நனைந்துவிட்டால் பிழிவதற்கு இரண்டு பயில்வான்கள் வேண்டும். ஆனாலும் ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அப்போதே பயந்திருப்பான். கோதண்டபாணி சந்தோஷப்பட்டார்.

பத்து நாள் கழித்து, காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஜவுளிக்காரன் பள்ளிக்கூடத்து வாசலில் மூட்டையைப் பிரித்தான். அதிலே ஒரு பட்டு அங்கவஸ்திரம். நாலு விரல் அகலத்துக்குச் சரிகை. கோதண்டபாணி பார்த்தார், அதுவும் அவரைப் பார்த்தது. கல்யாணத்தில் மணமக்களுக்கு வாழ்த்துப் பத்திரம் வாசிக்கப் போகிறவர் அவர்தான். ஐந்நூறு பேர் பார்க்கிற தோள் கதரில் இருப்பதா?

பிரதிக்ஞையை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். 'நம்மாத்துல' என்றுதானே சொன்னோம்? கல்யாணம் வக்கீலாத்தில் அல்லவா? தர்மசங்கடம் தீர்ந்தது. அங்கவஸ்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, பரணில் பழைய பஞ்சாங்கக் கட்டுகளுக்குப் பின்னால் சொருகினார். வீட்டிலிருந்து கதரில் கிளம்புவது, பந்தலுக்குப் பக்கத்தில் தோளை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

கல்யாணத்தன்று காலை. கொல்லைப்புறத்திலிருந்து வேலைக்காரி குப்பம்மாவின் குரல் வந்தது.

"ஐயே! யம்மா! ஓடியா! கெணத்தாண்ட சாரப்பாம்பு ரெண்டு பின்னிக்கினு கீது!"

வாழை மரத்தடியில் ஆள் நீளத்துக்கு இரண்டு பாம்புகள். தாம்புக்கயிறு மாதிரி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, இடுப்பளவு எழுந்து நின்றன. தொப்பென்று விழுந்தன. மறுபடி எழுந்தன.

கோதண்டபாணி சமையலறை வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கிருந்தே பாடம் ஆரம்பித்தார்.

"யாரும் பயப்படாதீங்கோ. சாரைக்கு விஷம் கிடையாது. இதுதான் இனப்பெருக்கம். ஜோடி சேர்றது. அப்புறம் பெண் பாம்பு விறகுக்கட்டைக்கு அடியில முட்டையிடும். கண்ணாடி விரியன்னா முட்டை கிடையாது, குட்டியாவே போடும்..."

"ஜோடிதான்னு நிச்சயமாத் தெரியுமோ? கிட்டக்கப் போய்ப் பாருங்கோளேன்" என்றாள் விசாலாக்ஷி.

"இங்கேர்ந்தே நன்னாத் தெரியறது. சந்தேகமே இல்லை. ஜோடிதான்."

குப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பின்னிக்கினு கீறப்போ மேல ஒரு புதுத்துணி போட்டு எட்த்து வெச்சிக்கினா ஊட்டுக்கே யோகம்மா! தண்ணி காட்டாத துணியா இருக்கணும். சீக்கிரம்!"

"தண்ணி காட்டாத துணிக்கு எங்கே போவேன்?" என்று விசாலாக்ஷி புருஷனைப் பார்த்தாள். "ஏன்னா, நம்மாத்துல ஏதாவது இருக்கோ?"

"நம்மாத்துலயா? சேச்சே!"

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது."

"சரி" என்று அவள் உள்ளே போனாள். கூடத்தில் ஏணி சாத்தும் சத்தம் கேட்டது. அது கோதண்டபாணியின் வயிற்றிலேயே சாத்தின மாதிரி இருந்தது.

காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். "அதிசயத்தைப் பாருங்கோ! பஞ்சாங்கக் கட்டுக்குப் பின்னால இருந்தது. உங்களுதா?"

ஆமாம் என்றால் பிரதிக்ஞை போச்சு. இல்லை என்றால் அங்கவஸ்திரம் போச்சு. "எ... என்னுதா? நான்தான் கதராச்சே!"

"அதானே பார்த்தேன். அப்போ அம்பாளே கொண்டு வந்து வச்சிருக்கா."

பட்டினப்பாக்கத்து மீனவர்கள் வலை வீசுவதுபோல வீசினாள். அங்கவஸ்திரம் ஆகாயத்தில் விரிந்தது, சரிகை ஒரு தரம் பளிச்சிட்டது, பாம்புகள் மேல் விழுந்தது. அடியில் ஒரே புரளல். பிறகு ஒரு பாம்பு மதில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. இன்னொன்று விறகுக் குவியலுக்குள் நுழைந்தது. பாம்பு பிடிக்கிற முனியனைக் கூட்டி வருகிறேன் என்று குப்பம்மா தெப்பக்குளத்துப் பக்கம் ஓடினாள்.

"மஞ்சள் தடவிப் பெட்டியில வச்சுடணும்" என்றாள் விசாலாக்ஷி. "யாரும் உடம்புல போட்டுக்கப்படாது."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."



முனியன் குப்பம்மாவோடு வந்தான். நாலு கட்டையைப் புரட்டினான். வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் விட்டான். "எலி துன்ற பாம்பு சாமி. கொல்லக் கூடாது. ஆத்தோரமா உட்டுர்றேன்."

அப்போதுதான் கோதண்டபாணிக்கு ஒரு யுக்தி தோன்றியது. ஜோடி இல்லையென்றால் யோகமும் இல்லையே!

"முனியா, நீ நன்னாப் பார்த்துச் சொல்லு. இது ஜோடிப் பாம்புதானா?"

முனியன் சிரித்தான். "ஜோடியா? ரெண்டும் ஆம்பள சாமி! பொம்பளைக்கோசரம் மல்லுக்கட்டிக்கினு கெடந்துதுங்க. ஜோடி சேரச்சொல்ல இப்டி எயுந்து நிக்காது. தரையோட கெடக்கும்."

"கேட்டியா விசாலம்! யோகமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெறும் துணி. கொடு இப்படி!"

"நீங்கதானே சந்தேகமே இல்லேன்னேள்?"

"சயன்ஸ்னா தப்பைத் திருத்திக்கும்."

"திருத்திக்கட்டும். யோகம் இல்லேன்னா இது அம்பாளுதும் இல்லை. உங்களுதும் இல்லேன்னுட்டேள். யாரோட துணியோ, நமக்கெதுக்கு? குப்பம்மா, நீ எடுத்துண்டு போறியா?"

குப்பம்மா இரண்டு கையையும் நீட்டினாள். "எங்க ஊட்டுக்காரருக்குத் தலப்பா கட்டலாம்மா."

"ஐயோ, அது என்னுது!"

குப்பம்மா நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். 

"இதை அப்பவே சொல்லப்படாதோ?" என்று விசாலாக்ஷி அங்கவஸ்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க பட்டுப் போட்டுக்கலாம்னா எனக்கும் தடை இல்லையே? அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கறேன். நாழியாறது." உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

போகட்டும். மானம் போனாலும் அங்கவஸ்திரம் தங்கியது. கோதண்டபாணி அதை ஆசையாக முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

உடனே எடுத்துவிட்டார். அழுகின முட்டையும் நனைந்த ஆடும் ஒன்றாக ஒரு மாசம் குடித்தனம் செய்த மாதிரி ஒரு நாற்றம்!

"சாரப்பாம்பு கோவத்துல உட்ற வாட சாமி" என்றான் முனியன், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு. "லேசுல போவாது. அம்மாகிட்ட முந்தாநாளே சொன்னேனே."

"முந்தாநாளா?"

"மூணு நாளா இங்கதான மல்லுக்கட்டுதுங்க. அம்மா கூப்ட்டுக் கேட்டாங்க. ரெண்டும் ஆம்பளன்னு சொன்னேன். துணில புட்ச்சா நாத்தம் போவாதுன்னும் சொன்னேன்."

குப்பம்மா வாழைக்குலையில் எத்தனை சீப்பு என்று எண்ண ஆரம்பித்தாள்.

முகூர்த்தம் நன்றாக நடந்தது. விசாலாக்ஷி அரக்குப் பட்டில் ஜொலித்தாள். கோதண்டபாணி கதர்த் துண்டோடு நின்று வாழ்த்துப் பத்திரம் வாசித்தார். குரல் கணீரென்று இருந்தது. வக்கீல் பத்ரிநாராயணனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வெள்ளித் தட்டிலிருந்து ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துப் பிரித்தார். ஆறு விரல் அகலத்துக்குச் சரிகை! கோதண்டபாணி தலை குனிந்து காத்திருந்தார்.

"மாமா, மன்னிக்கணும்" என்று பெண்டுகள் பக்கத்திலிருந்து பவ்யமாக ஒரு குரல் வந்தது. "அவர் பட்டுத் தொடறதில்லை. கதர் விரதம். எனக்கு மட்டும்தான் விலக்குக் கொடுத்திருக்கார்."

பந்தலே கைதட்டியது. வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கவஸ்திரத்தை மடித்துத் தட்டில் வைத்தார். கோதண்டபாணி, குனிந்தது குனிந்தபடியே, சபைக்கு ஒரு நமஸ்காரம் போட்டார்.