காத்து நைனா நிறுத்திய கம்பம்

ஆவடிப் பக்கம் காற்றை நம்பிக் குடும்பம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் காத்து நைனாதான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர் அவர். பருத்திப்பட்டில் எனக்குப் பக்கத்து வீடு. மனைவி ரோசம்மா அக்கா தெருவுக்கே தையல்காரி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஜாக்கெட் துணி மலையாகக் குவியும். அந்த வருஷம் பார்த்து, சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடும். சொன்ன நாளில் தராவிட்டால் வாடிக்கையெல்லாம் பஜார் டெய்லரிடம் போய்விடும் என்று அக்கா கண்ணைக் கசக்கினார்.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை. பழைய லாரி டைனமோவுக்கு மர இறக்கை மாட்டி, ஒரு பேட்டரி, மிஷினுக்கு மேலே ஒரு பல்பு என்று காற்றாலையே செய்துவிட்டார். அதை எதன் மேல் நிற்கவைப்பது என்பதில்தான் மனுஷன் படாதபாடு பட்டார்.

முதலில் மொட்டைமாடிச் சுவரில் பைப்பை நட்டார். காற்று அடித்ததும் வீடே உறுமியது. அலமாரிச் சொம்புகள் நகர்ந்து நகர்ந்து கீழே குதித்தன. அக்கா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கை கோணிக்கொண்டு போனது. அக்கா அன்றே கழற்றச் சொல்லிவிட்டார்.

அடுத்து வாசலில் சவுக்குக் கம்பம். பருத்திப்பட்டு ஏரியிலிருந்து வந்த காற்றை வழியிலேயே வாசல் பாதாம் மரம் வாங்கிக்கொண்டது. இறக்கை சோம்பல் முறித்ததோடு சரி. மரத்தை வெட்டலாமா என்று நைனா மெல்ல இழுத்தார்.

"மரத்துல கத்தி பட்டுச்சு, மிஷினத் தூக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் பூடுவேன்" என்றார் அக்கா.

மரத்தைவிட உயரமாகப் போவதைத் தவிர வழியில்லை. பைப்போடு பைப்பைச் சேர்த்து, தெருவே கூடித் தூக்கி நிறுத்தினோம். இழுத்துக் கட்டிய கம்பிகள் அக்கம்பக்கத்து நாலு வீட்டுக் காம்பவுண்டில் அடித்த முளைகளில் போய் முடிந்தன. இறக்கை பிய்த்துக்கொண்டு சுற்றியது. நைனா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஆனால் எங்கள் தெருவில் வெயில் படுகிற கம்பி எல்லாமே துணிக்கொடிதான். மறுநாள் காலை பின்வீட்டு சரோஜா ஈர ஜமுக்காளத்தைத் தூக்கிப் போட்டாள். மழையில் ஊறிய மண்ணில் எதிர்ப்பக்க முளை நெகிழ்ந்து, கம்பம் அவள் வீட்டைப் பார்த்தே சாயத் தொடங்கியது. நைனா ஓடிப்போய் எதிர்க்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். நாங்கள் ஜமுக்காளத்தை உருவும்வரை விடவில்லை. சட்டை தோளில் கிழிந்தே போனது.

கம்பி சும்மாதானே கிடக்கிறது என்று போட்டாளாம் சரோஜா. நைனா சண்டை போடவில்லை. முளையை ஆழமாக அடித்துவிட்டு, நாலு வீட்டுக்கும் தனித்தனியாகக் கொடி கட்டிக் கொடுத்தார். "இது உனுக்கும்மா. அத்த மட்டும் வுட்டுடு" என்றார்.

அன்று சாயங்காலமும் சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போயிற்று. தெரு முழுக்க இருட்டு, அக்காவின் மிஷின் மேல் மட்டும் வெளிச்சம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாக்கெட்கூட பாக்கி நிற்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் அக்கா முதலில் எடுத்தது ஜாக்கெட் இல்லை.

"இன்னா பாத்துகினு நிக்கிறே? சட்டயக் கயட்டு" என்றார்.

கிழிந்த தோளைத் தைத்து முடிக்கும்வரை நைனா வெற்றுடம்போடு தலைகுனிந்து நின்றார். வெளிச்சம் பார்க்க வந்த நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தோம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.