குண்டுக்கு வேட்டி கட்டியவன்

பம்ப் செக்‌ஷன்காரனுக்குக் கசிவு என்றால் ஆகவே ஆகாது. சுரங்கத்தில் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் நிலக்கரி கண்ணில் படும் என்பதால், எங்கள் ஷிஃப்ட் முழுக்கக் குழாய், வால்வு, மறுபடியும் குழாய். எங்கே சொட்டினாலும் பாக்கெட்டிலிருந்து வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்து நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினால் தீர்ந்தது. வீட்டிலும் அதே வைத்தியம்தான். குவார்ட்டர்ஸ் குளியலறைக் குழாயில் ஆரம்பித்து, குக்கர் கைப்பிடி, மூக்குக் கண்ணாடி, மகளின் தண்ணீர் பாட்டில் வரை எல்லாவற்றுக்கும் டேப் சுற்றியிருக்கிறேன். (என் வாயில்தான் முதலில் சுற்றியிருக்க வேண்டும் என்பது மனைவியின் கருத்து.)

அந்தத் தெம்பில்தான் டவுன்ஷிப் கிளப் விளையாட்டு விழாவில் மூக்கை நுழைத்தேன்.

என் மனைவி கலைச்செல்வி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது குறி தவறாமல் சுடுவாளாம். (பெண் பார்க்கப் போன அன்று பாட்டுப் பாடத் தெரியும் என்றுதான் சொன்னார்கள்.) கல்யாணம், குழந்தை, என் ஷிஃப்டுக்கு ஏற்றபடி சமையல் என்று ஆனபிறகு துப்பாக்கியைத் தொடவே வாய்க்கவில்லை. அந்த வருடம் பெண்களுக்கு ஏர் ரைபிள் போட்டி என்று நோட்டீஸ் போர்டில் பார்த்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

காரணம் எங்கள் ஹாலில் இருக்கும் ஷோகேஸ். அதிலிருந்த கோப்பைகள் எல்லாம் என்னுடையவை. பாதுகாப்பு வாரக் கட்டுரைப் போட்டி, பாதுகாப்பு வார வினாடி வினா, பாதுகாப்பு வார வாசகப் போட்டி. வெள்ளிக்கிழமைதோறும் தூசி துடைப்பது மட்டும் அவள்.

“அத்தினி கப்பையும் நான்தான் தொடச்சிகினு கெடக்கறேன். எம் பேரு போட்ட ஒண்ணத் தொடைக்கணுங்க எனக்கு,” என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்கே புரிந்தது.

பயிற்சிக்குப் போனவள் முகம் தொங்கிப் போய்த் திரும்பினாள். கிளப்பில் இருப்பதே ஒரே ஒரு துப்பாக்கி, அதுவும் அரதப் பழசு. குழல் தேய்ந்துவிட்டதால், கிளப் டப்பாவிலுள்ள ஈயக் குண்டுகளில் பாதி உள்ளே லொடலொடவென்று விழுந்தன. ஸ்பிரிங் தள்ளுகிற காற்று குண்டைத் தள்ளாமல் ஓரமாக நழுவிவிட, குண்டு சோம்பேறித்தனமாகப் போய் அட்டையின் அடியில் முட்டியது. சொந்தமாகக் குண்டு கொண்டு வரலாம் என்று அனுமதித்திருந்தார்கள். நான் கடலூர் போகும் வேலை இருந்ததால் என்னிடம் வாங்கிவரச் சொன்னாள். லேசான குண்டாக இருக்க வேண்டும், பின்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் குழலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நிதானமாக விளக்கினாள்.

‘காற்று கசியுது’ என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை.

கடைக்காரர் லேசான குண்டு, கனமான குண்டு இரண்டையும் எடுத்து வைத்தார். சுரங்கத்தில் வீடு உயரத்துக்குச் சக்கரம் வைத்து மண் அள்ளுவதைத் தினம் பார்க்கிறவனிடம் போய்ச் சின்னது போதும் என்றால் கேட்பானா? கனமானதையே வாங்கினேன். கனம் கூடினால் அடி கூடும், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அன்று சாயங்காலம் கலை காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு குண்டுக்கும் டேப் சுற்றி, ஓரத்தை நகத்தால் நீவி முடித்தேன். சும்மா இருந்தேனா? மறுநாள் ஷிஃப்டில் எங்கள் சீஃப் இன்ஜினியரிடம் இதைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அவரும் பம்ப்காரர் அல்லவா, ஆர்வம் தாங்காமல் விழாவுக்கு வந்துவிட்டார்.

போட்டி மைதானத்தில் டப்பாவைத் திறந்த கலை ஒரு குண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாங்க இது? குண்டுக்கு வேட்டி கட்டி வுட்டுக்கிறீங்க?”

சீஃப் காதில் விழும்படி நான் விளக்கினேன். இனிமேல் ஒரு பொட்டுக் காற்று வெளியே போகாது, முழுப் பிரஷரும் குண்டுக்குத்தான், குண்டும் கனம், அடி இடிபோல இறங்கும்.

“மாடு அதே மாடுதானேங்க. வண்டில மூட்டைய ஏத்திகினே போனா எப்டி ஓடும்? போதாததுக்கு சக்கரத்தையும் கட்டிப்புட்டீங்க,” என்றாள்.

‘நீ சும்மா பாரு’ என்று துப்பாக்கியை நானே வாங்கினேன். துப்பாக்கிக்குப் பொறுப்பாக நின்றவர் தாமஸ் அண்ணன், செக்யூரிட்டியில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜினியர் என்ற மரியாதையில் என்னைத் தடுக்கவில்லை, பாவம். ஒத்திகையாகச் சுட அனுமதித்தார். குண்டு கட்டைவிரலுக்கு மசியவில்லை. ஸ்கூட்டர் சாவியால் குத்தி உள்ளே தள்ளினேன். சுட்டேன். ‘டொப்’ என்றது. அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

வேகம் தாங்காமல் அட்டைக்கு மேலே பறந்துவிட்டது என்று அறிவித்தேன். சீஃப் தலையாட்டினார். இரண்டாவது குண்டையும் சாவியால் குத்திச் சுட்டேன். அதுவும் ‘பறந்தது’. மூன்றாவது உள்ளேயே போகமாட்டேன் என்றது. தாமஸ் அண்ணன் துப்பாக்கியை வாங்கி, மடக்கிய குழலை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார்.

“சார், ஒண்ணும் பறக்கல. ரெண்டும் உள்ளயே குந்திகினு இருக்குது.”

இருந்த ஒரே துப்பாக்கியும் போச்சு. போட்டி நின்றது. வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது என்னையல்ல, கலையை. அவள் கண் கலங்கிவிட்டது. ஊரெல்லாம் கசிவை அடைத்தவன், அவள் ஆசைப்பட்ட ஒன்றையும் சேர்த்து அடைத்துவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

எண்ணெய் விட்டு, கம்பியை நுழைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி ஒரு வழியாகத் தாமஸ் அண்ணன் வெளியே தள்ளினார். குழாய்ப் புட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. “மாப்ளைங்க வந்துட்டாங்க,” என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது.

போட்டி மறுபடி தொடங்குமுன் கலை துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கிளப் டப்பாவைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு குண்டாகக் குழல் வாயில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். லொடலொடத்தவற்றை ஒதுக்கி, கச்சிதமாகப் பிடித்து உட்கார்ந்ததை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். தன் முறை வந்ததும் எழுந்து போய்ச் சுட்டாள். கறுப்பு வட்டத்தின் நடுவில் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. முதல் பரிசு அவளுக்குத்தான்.

கோப்பையைக் கொடுத்தது எங்கள் சீஃப். வெற்றியின் ரகசியம் என்ன என்று மைக்கை நீட்டினார்.

“வூட்டுக்காரர் வாங்கியாந்த குண்ட நான் தொடலீங்க, அதான்,” என்றாள்.

இன்றைக்கும் எந்த வால்வு சொட்டினாலும் செக்‌ஷனிலிருந்து எனக்குத்தான் போன். “சார், வேட்டி எடுத்துட்டு வாங்க.” ஷோகேஸின் நடுவில் கலையின் கோப்பை இருக்கிறது. பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழில், வேட்டி கசங்கிய நிலையில் அந்த இரண்டு மாப்பிள்ளைகள். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் அதைத் திறந்து காட்டுவது என் மகளின் வேலை. வெள்ளிக்கிழமை கலை தன் கோப்பையை மட்டும் துடைக்கிறாள். என்னுடையவற்றை நான் துடைத்துக்கொள்கிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அந்த இரண்டு குண்டுகளையும் தாண்டி ஒரு பொட்டுக் காற்று கசிந்தது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.