மார்க்கண்டரின் உலகமொழி

மார்க்கண்டருடைய உலகமொழியில் இரண்டாயிரத்து நானூறு சொற்கள் இருந்தன. வினைச்சொல்லுக்கு மாத்திரம் ஒன்பது விகுதிகள். அதைப் பேசத்தான் ஆளில்லை.

மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு கோப்பாய்க்குத் திரும்பியவர்கள் வாழை வைப்பார்கள், அல்லது கோயில் நிர்வாகத்தில் மூக்கை நுழைப்பார்கள். இவரோ உலகத்துச் சண்டைகளை ஒழிக்கவென்று எட்டு வருடமாகக் கொப்பி கொப்பியாக எழுதி ஒரு பாஷை செய்துகொண்டிருந்தார். அதன் இலக்கணத்துக்காக வீட்டில் தினமும் சண்டை.

"அத்தான், ஒரு ஆள் தனியக் கதைச்சால் அது பாஷையில்லை, விசர்" என்றார் மைத்துனர் முத்துக்குமாரு. அவர் வாசிகசாலைத் தலைவர். ஊர் சிரிப்பதற்கு முன் தான் சிரித்துவிட வேண்டும் என்ற அவசரக்காரர். "ஆண்டுவிழாவுக்குக் கொழும்பிலையிருந்து நீதவான் வாறார். மேடையிலை இன்னொரு ஆளோடை கதைச்சுக் காட்டுங்கோ. ஏலாட்டி உந்தக் கொப்பியளை அடுப்பிலை வையுங்கோ."

"ஓம், காட்டுறன்!" என்றார் மார்க்கண்டர், பத்துப் பேர் கேட்க.

முதலில் மனைவி பூரணத்தைக் கேட்டார்.

"உங்களை ஏசத் தமிழே போதும்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் அகப்பட்டவள் குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் லூர்த்தம்மா.

"மற்ற நாளிலை எனக்கு நேரமில்லை ஐயா. வெள்ளிக்கிழமை விரதமெண்டு உங்கடை ஆக்கள் மீன் வாங்கமாட்டினம். நீங்கள் வாங்கினால் வந்து படிக்கிறன்."

உலக சமாதானத்துக்காக மார்க்கண்டர் வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்கினார். வாங்கியதைப் பூரணத்துக்குத் தெரியாமல் வாழையடியில் புதைத்தார். நாய்கள் கிளறி எடுத்துக் கோயில் வீதியில் வைத்துத் தின்றன. மார்க்கண்டர் வெள்ளியில் மீன் தின்கிறார் என்று ஊர் முழுக்கக் கதை.

"நான் தின்னேல்லை, புதைச்சனான்" என்று அவர் விளக்கம் சொன்னார். அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கும் அவருக்குப் பைத்தியம்தான் என்பது உறுதியாயிற்று. பூரணம் தம்பி முத்துக்குமாரு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாடம் மட்டும் நன்றாக நடந்தது. லூர்த்தம்மா கெட்டிக்காரி. ஒரே குறை, எல்லாவற்றையும் வெட்டிக் குறைத்தாள்.

"ஒன்பது விகுதி என்னத்துக்கு ஐயா? ஒண்டு காணும். மீன் நாறுறதுக்குள்ளை சொல்லி முடிக்கோணுமெல்லே?"

"இலக்கணம் உன்ரை கடகப்பெட்டி மீனில்லை, கண்டபடி வெட்டுறதுக்கு!"

"சரி ஐயா" என்று அவள் தலையை ஆட்டினாள். பணிந்துவிட்டாள் என்று அந்த மனிதர் நம்பினார். மூன்று மாதம் முடிந்ததும், மனைவியைத் திருப்பி அழைப்பதற்காக, "இனி வீட்டுப் பக்கம் வராதை, விழாவுக்கு வந்தால் காணும்" என்று சொல்லியும் அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து விழா. லூர்த்தம்மா துணைக்குத் தன் மச்சாள் யசிந்தாவையும் மேடைக்குக் கூட்டிவந்தாள். தலைப்பாகையும் கோட்டுமாக நின்ற மார்க்கண்டர், ஒன்பது விகுதியும் கணீரென்று ஒலிக்க, மனிதகுல ஒற்றுமையைப் பற்றி லூர்த்தம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

லூர்த்தம்மா விழித்தாள்.

செவிடருக்குச் சொல்வதுபோல இன்னும் உரத்துக் கேட்டார்.

"விளங்கேல்லை ஐயா" என்றாள், தமிழில்.

முத்துக்குமாரு முதலாவதாகச் சிரித்தார். பிறகு சபை சிரித்தது. எட்டு வருட உழைப்பு அடுப்புக்குப் போவதை நினைத்து மார்க்கண்டருக்கு அழுகை வந்தது.

அப்போது லூர்த்தம்மா மச்சாள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். யசிந்தா படபடவென்று பதில் சொன்னாள். இருவரும் வாக்குவாதப்பட்டார்கள், கையைக் கையைக் காட்டினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சொல்லும் தமிழில்லை; எல்லா வினையும் ஒரே விகுதியில் முடிந்தது.

"சபாஷ்! இதல்லவோ பாஷை!" என்று நீதவான் கைதட்டினார்.

முத்துக்குமாருவின் சிரிப்பு நின்றது. "அத்தான், அவை என்ன கதைக்கினம்?"

மார்க்கண்டருக்கு ஒரு வசனமும் பிடிபடவில்லை.

அவருடைய முகத்தைப் பார்த்து யசிந்தாவுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"கவலைப்படாதையுங்கோ ஐயா. எங்கடை மீன்சந்தை முழுக்க இப்ப இதிலைதான் கதைக்கிறது. வெளியாக்களுக்குத் துவக்கத்திலை கொஞ்சம் கஷ்டம்தான். நாலு நாள் எங்களோடை வந்து இருங்கோ, நீங்களும் பழகியிடுவியள்."